பூச்சாண்டிக்குக் கிடைத்த ஒப்புதல்

நிதியமைச்சர் என் அக்காவைக் கொல்லப்போவதாக அறிவித்தபோது நான் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "மலையடி ஊர் அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு, தலைநகர்ப் பெரிய மருத்துவமனையுடன் இணைக்கப்படும்" என்றுதான் வாசித்தார். வாசித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அந்தத் தண்ணீரைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பட்ஜெட் அன்று எங்கள் அறையில் யாரும் வேலை செய்வதில்லை. சுகாதாரத் துறையின் திட்டப் பிரிவு என்று வாசலில் பெரிய பலகை. உள்ளே வந்தால் கோப்புகளுக்கு நடுவே ஏழெட்டு மேசைகள், ஒரு பக்கம் சாய்ந்த டிவி, ஏசி சொட்டும் இடத்தில் ஒரு வாளி. எல்லோரும் டிவிக்கு முன்னால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சின் ஆரம்பத்திலேயே, "இந்த ஆண்டு எந்த வரியும் உயர்த்தப்படவில்லை" என்றார் அமைச்சர். சபையில் மேசையைத் தட்டினார்கள். எங்கள் அறையில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். போன மாதம்தான் கடன் வாங்கிக் கார் எடுத்திருந்தேன். பெரிய கார்களுக்கு வரி ஏறும் என்று பேச்சு அடிபட்டபோது வயிற்றெரிச்சலாக இருந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்தது.

அதற்கு அடுத்த பத்தியில்தான் அக்காவின் ஊர் வந்தது.

கையிலிருந்த பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் அக்கா அங்கேதான் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பத்தியை எழுதியது நான்தான் என்பதும் தெரியும். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை.

"சும்மா பூச்சாண்டிதானே அது?" என்று பக்கத்து மேசைக்காரி மெதுவாகக் கேட்டாள். "பூச்சாண்டியை எப்படிங்க சபையில வாசிக்கிறாங்க?"

பூச்சாண்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள். ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டுக்கு முன்னால் நிதித் துறை எல்லாத் துறைகளையும் கேட்கும், பணம் போதவில்லை, உங்களிடம் எதை வெட்டலாம் என்று. எங்கே கொழுப்பு இருக்கிறதோ அதை யாரும் சொல்ல மாட்டார்கள். வெட்டினால் ஊரே கொந்தளிக்கும் என்கிற விஷயமாகப் பார்த்து, அதை முதல் இடத்தில் எழுதிக் கொடுப்பார்கள். தீயணைப்புத் துறை, இனிமேல் ராத்திரி வண்டி எடுக்க மாட்டோம் என்று எழுதும். பள்ளிக் கல்வித் துறை ஒரு வருஷம் ஒன்றாம் வகுப்பையே மூடிவிடலாம் என்று எழுதியது, மனசாட்சியே இல்லாமல். அமைச்சர் படித்துப் பார்ப்பார், பயந்துபோய், "ஐயையோ, வேணாம் வேணாம், வரியையே ஏத்திடுங்க" என்பார். பத்திரப் பதிவிலோ வாகனப் பதிவிலோ கொஞ்சம் ஏறும். துறைகள் எல்லாம் தப்பித்துக்கொள்ளும். இதற்குத்தான் எங்கள் கட்டடத்தில் பூச்சாண்டி என்று பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். பூச்சாண்டியாகப் போன எதையும் இதுவரை யாரும் தொட்டதில்லை. ஒரு தடவை பூச்சாண்டியாகிவிட்டால் அப்புறம் அதன் பக்கமே கத்தி வராது என்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

அதனால்தான் அக்காவின் ஊரை எழுதினேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவளைக் காப்பாற்றத்தான் எழுதினேன். சின்ன ஊர், நாலைந்து டயாலிசிஸ் நாற்காலிகள், என்றைக்காவது யாராவது கண்ணை வைப்பார்கள் என்று பயந்து, நானே முந்திக்கொண்டு அதைப் பூச்சாண்டியாக்கினேன்.

எழுதியதும் சாதாரணமாக எழுதவில்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவள் உடம்பு நிற்கும். சனி ஞாயிறு இடைவெளியில் கால் வீங்கி, திங்கள்கிழமை செருப்பு நுழையாது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாமல் ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு சமாளிப்பாள். அத்தனையையும், பெயரை மட்டும் விட்டுவிட்டு எழுதினேன். பிரிவை மூடினால் நோயாளிகள் எந்த பஸ் பிடிக்க வேண்டும், எங்கே இறங்கி எதில் மாற வேண்டும், பெரிய மருத்துவமனை வாசலுக்குப் போய்ச் சேர எத்தனை மணியாகும் என்றுகூட விசாரித்து எழுதினேன். எங்கள் செயலாளர் படித்துவிட்டு, "மேடம், அழ வெச்சிட்டீங்க" என்றார். பெருமையாக இருந்தது.

அந்தச் செயலாளரிடம்தான் இப்போது ஓடினேன். அவருக்கு எங்கள் பிரிவில் வைத்த பெயர் 'அப்புறம் சார்'. எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பார். அன்றைக்கு அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எனக்கும் இப்பதான் தெரியும் மேடம். சத்தியமா இப்பதான் தெரியும்."

"கையெழுத்து போட்டது நீங்கதானே சார்?"

"பூச்சாண்டிக்குத்தானே போட்டேன்!"

"சரி, இப்ப என்ன பண்றது?"

"அப்புறம்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "நிதித் துறைக்குப் போய்ப் பேசிப் பாருங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

நிதித் துறை அடுத்த கட்டடம். அங்கே துணைச் செயலாளராக இருப்பவரை எல்லோரும் கத்திரி என்பார்கள், முகத்துக்கு நேராகவே. கோபித்துக்கொள்ள மாட்டார். கூட்டத்துக்கு வாங்கும் பிஸ்கட்டையே ஆளுக்கு இரண்டு என்று பிரித்து வைக்கிற மனிதர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

"உட்காருங்க" என்றார்.

"உட்கார வரல. அது பூச்சாண்டின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்மா. மந்திரிக்குத் தெரியாது. அவரு புதுசு. வியாபாரத்துலேர்ந்து வந்தவரு. வெட்டலாம்னு எழுதிக் குடுத்தா வெட்டலாம்னு நினைக்கிறாரு."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். துறைக்காரங்க சும்மா பயமுறுத்துறாங்க, பெரிய கார், பெரிய வீட்டுக்குக் கொஞ்சம் வரி போட்டா சரியாப் போயிடும்னு சொன்னேன். வரிங்கிற பேச்சே எடுக்காதீங்கன்னு மேலிடத்துலேர்ந்து உத்தரவு. அடுத்த வருஷம் தேர்தல். முதலமைச்சர் மேடையில வாக்கு குடுத்துட்டாரு."

"அதுக்காக அந்தப் பத்தியைப் படிச்சும் மூடுவாங்களா? மனுஷன்தானே அவரும்?"

கத்திரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முழுசாப் படிச்சாருங்க. உங்க துறையைப் பாராட்டினாரு. மத்தவங்கள்லாம் ரெண்டு வரி எழுதிக் குடுத்தாங்க, இவங்க மட்டும்தான் மாற்று ஏற்பாடு வரைக்கும் யோசிச்சிருக்காங்கன்னாரு."

"என்ன மாற்று ஏற்பாடு?"

"பஸ் எழுதியிருந்தீங்களே. எங்க ஏறணும், எங்க மாறணும்னு. பஸ் போகுதில்ல, அப்புறம் என்ன பிரச்சினைன்னு கேட்டாரு."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் படப்போகிற பாட்டைச் சொல்ல எழுதியதை அந்த ஆள் பயண வழிகாட்டி மாதிரி படித்திருக்கிறான். அவ்வளவு நேரம் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வாய்க்கு வந்தபடி பேசினேன். அமைச்சரை, முதலமைச்சரை, கத்திரியை, கைதட்டின கூட்டத்தை, ஒருத்தரையும் விடவில்லை. கத்திரி கதவைச் சாத்திவிட்டு வந்து, நான் ஓய்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"திட்டிட்டீங்களா? இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. நாளைக்குச் சபையில ஓட்டெடுப்பு. அதுக்கு முன்னாடி திருத்தம் போடலாம். ஆனா மிச்சமாகிற தொகை குறையக் கூடாது. இது வேணாம்னா, அதே அளவுக்கு உங்க துறையிலேர்ந்தே வேற ஒண்ணைக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

உயிர் வந்தது. சத்தியமாக அவர் காலில் விழலாம் போல இருந்தது.

திரும்பி வரும் வழியில், மாடிப்படியில், அக்காவின் போன்.

"ஏண்டி, டிவியில எங்க ஊர் பேரு வந்துச்சே! உங்க மாமா உட்கார்ந்தவரு உட்கார்ந்தபடியே இருக்காரு. தப்பாக் கிப்பா வாசிச்சிட்டானா உங்க மந்திரி?"

"தப்பாத்தான் வாசிச்சிட்டாங்க. நாளைக்குச் சரி பண்ணிடுவாங்க."

"அதானே பாத்தேன். நான் அப்பவே சொன்னேன், என் தங்கச்சி அங்க இருக்கும்போது எவன் மூடுவான்னு. இந்த மனுஷன் கேட்டாத்தானே! பஸ்ல சீட் போட்டு வைக்கத் துண்டு தேடிட்டிருக்காரு."

அவள் சிரித்தாள். "வெச்சிடுக்கா, வேலை இருக்கு" என்று போனை வைத்தேன்.

அப்புறம் சாரின் அறையில் உட்கார்ந்து துறையை அலசினோம். கொழுப்பு இல்லாமலா? புதுக் கூட்ட அரங்குக்குப் பளிங்குத் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒப்பந்தம் கையெழுத்தாயிடுச்சு, கைய வெக்க முடியாது" என்றார். அதிகாரிகளுக்குப் புதுக் கார்கள் வருவதாக இருந்தது. "அது வேற துறையோட கணக்கு, நம்ம பேர்ல காட்ட மாட்டாங்க." விருந்தினர் மாளிகையில் ஆளே தங்குவதில்லை. "அது நம்ம மந்திரியோட மாமனார் ஊர்ல இருக்கு மேடம், தெரியாத மாதிரி கேக்கறீங்களே." இப்படியே ஒவ்வொன்றாகப் போனது. எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கத்திரி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

"அதே தொகை, அதே மாதிரி செலவு இனம்னா கேள்வியே கேக்க மாட்டாங்க" என்றார் அப்புறம் சார், என்னைப் பார்க்காமல், மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. "ஆத்தங்கரை ஊர்ல ஒரு டயாலிசிஸ் பிரிவு இருக்கு. கிட்டத்தட்ட அதே அளவு."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் வற்புறுத்தவில்லை.

அந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. ஒரு தடவை ரயிலில் தாண்டிப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். அங்கேயும் நாலைந்து நாற்காலி, அதில் உட்காருகிறவர்களுக்கும் கால் வீங்கும், அவர்களும் ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டுதான் தாகத்தைச் சமாளிப்பார்கள். எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். என் மேசைக்குப் போய், மலையடி ஊர் இருந்த இடத்தில் ஆற்றங்கரை ஊர் என்று அடித்தேன். இந்தத் தடவை யாரும் அழும்படி எதுவும் எழுதவில்லை. பஸ்ஸைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரே வரி. கத்திரியே நேரில் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சபையில் நிதியமைச்சர், சிறு திருத்தம் என்று சொல்லி அதை வாசித்தார். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்கா போனில் கூத்தாடினாள். "மருத்துவமனையில எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்கடி. நர்ஸம்மா உனக்கு ஒரு முத்தம் குடுக்கச் சொன்னாங்க" என்றாள். மாமா போனை வாங்கி, "நீ நல்லா இருக்கணும்மா" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது அவரால். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது. மனுஷ வயிறு அப்படித்தான்.

ஆற்றங்கரை ஊரில் கொஞ்சம் மறியல் நடந்தது. பேப்பரில் உள்பக்கத்தில் வந்தது. பிறகு அதுவும் நின்றது. பிரிவு மூடப்பட்டது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவள், சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காலையில் அவள் மருத்துவமனையில் இருப்பாள், வந்ததும் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். கதவைத் திறந்தது அவளே.

முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகம் ஊதியிருந்தது. கண்ணுக்குக் கீழே பைபோலத் தொங்கியது. வாசலிலிருந்து சோபாவுக்கு நடப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

"என்னக்கா இது? இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நீ ஏன் வீட்டுல இருக்க?"

"வா, வா. நனைஞ்சிட்டியே. தலையைத் துவட்டு முதல்ல."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

சமையலறையிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். "நல்லா கேளும்மா. நான் சொன்னா ஏறல. நீயாவது சொல்லு" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். அவர் கண் சிவந்திருந்தது.

அக்கா சோபாவில் சாய்ந்துகொண்டு காலைத் தூக்கி முக்காலியில் வைத்தாள். கால் கால் மாதிரியே இல்லை. "கத்தாதடி. அந்த ஆத்தங்கரை ஊர்ல மூடிட்டாங்கல்ல, அங்கேர்ந்து கொஞ்சம் பேரு இங்க வர ஆரம்பிச்சாங்க. பெரிய மருத்துவமனையில போய்ப் பாத்தாங்களாம், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டாங்களாம். ஆறு மாசம் யாரு இருப்பா? இங்க வந்தா இங்கயும் இடமில்ல. வாசல்ல உட்கார்ந்திருந்தாங்க. அதுல ஒரு பொண்ணு, டீச்சர். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, சின்ன வயசு. மடியில கைக்குழந்தை. எனக்கு நாற்காலியில உட்கார முடியலடி. கண்ணெதிர்ல அது மூச்சு வாங்கிட்டு உட்கார்ந்திருக்கு, நான் இங்க காலை நீட்டிட்டு ரத்தம் சுத்தம் பண்ணிக்கறேன்."

"அதுக்கு?"

"என் வெள்ளிக்கிழமையை அவளுக்குக் குடுத்துட்டேன். டாக்டர் ஒத்துக்கல, கன்னாபின்னான்னு திட்டினாரு. நான் வரவே மாட்டேன்னு அடம் பிடிச்சேன். அப்புறம் வழிக்கு வந்துட்டாரு. திங்களும் புதனும் எனக்குப் போதும்."

"போதுமா? யாரு சொன்னா போதும்னு? கண்ணாடியில உன் முகத்தைப் பாத்தியா நீ? புதன்லேர்ந்து திங்கள் வரைக்கும் உடம்பு தாங்குமா? செத்துப் போயிடுவக்கா! உனக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா அசரவில்லை. "நாங்க தப்பிச்சோம்ல? உன் புண்ணியத்துல எங்களுக்குத் தப்பா வாசிச்சதைத் திருத்திட்டாங்க. அவங்களுக்கு அங்க யாரு இருக்கா சொல்ல?" என்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அவளை எப்படியாவது அந்த நாற்காலியில் திரும்ப உட்கார வைக்க வேண்டும், அந்த டீச்சர் யாரோ, நமக்கு என்ன வந்தது என்று அவளுக்குப் புரிய வைக்க வேண்டும் என்கிற வெறிதான் எனக்கு. உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவாள், நான் பட்ட பாட்டை நினைத்தாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

"யாரும் தப்பா வாசிக்கலக்கா. உன் ஊரைத்தான் மூடறதா இருந்தாங்க. அதை எழுதினது நான்தான். மூட மாட்டாங்கன்னு நம்பி எழுதினேன். மூடறேன்னு சொன்னதும் உன்னைக் காப்பாத்த வேற வழியில்லாம அவங்க ஊரை எழுதிக் குடுத்தேன். நானே அடிச்சுக் குடுத்தேன், இந்தக் கையால. நீ உயிரோட இருக்கணும்னுதான். நீ பாட்டுக்கு அதைத் தூக்கி எவளுக்கோ குடுத்தா நான் செஞ்சதுக்கு என்னக்கா அர்த்தம்?"

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். வீங்கின முகத்தில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"எனக்காகவா அவங்களை மூடின?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"எனக்காக."

"ஆமாக்கா."

அவள் காலை முக்காலியிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினாள். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அப்ப ஒரு நாள் குடுத்தது பத்தாதேடி" என்றாள்.

போன் ஜன்னலோரம் இருந்தது. மருத்துவமனைக்குப் பேச அதை எடுக்கத்தான் அவள் போகிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா என்று கத்தினேன், மாமாவைக் கூப்பிட்டேன். அவள் என் கையை உதறவில்லை, நிற்கவும் இல்லை. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, ஜன்னல் பக்கம் நடந்தாள்.